பச்சை உடம்பும் ஓடுகிற காலும்

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் நான். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கம்பளி போர்த்தி உட்கார வைக்கப்பட்டவர் என் வீட்டுக்காரர். இதை இன்று சொன்னால் என் மகள் நம்புவதில்லை. அவள் பிறந்த வருஷம்தான் இது நடந்தது. தேயிலை விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களிலும் ஸ்டோர்களிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேயிலை ஸ்டோரில் கிளாக்கராக இருந்த என் வீட்டுக்காரரையும் ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவரிடம் மிச்சம் இருந்தது கால் இரண்டும்தான். மஹய்யாவயில் எங்கள் வாசலில் புறப்பட்டு கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை ஓடிப்போய், அங்கே நின்று மூச்சுக்கூட வாங்காமல் திரும்பி ஓடி வருவார். வேலை இருந்த காலத்தில் அதைப் பெருமையாகப் பார்த்த தெரு, வேலை போன பிறகு, "இந்த மனுசன் யாருக்குப் பயந்து இப்படி ஓடுறாரு?" என்று கேட்டுச் சிரித்தது. எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

பட்டணத்தில் ஒரு பெரிய இயந்திரப் பட்டறை இருந்தது. அதன் முதலாளிக்கு விளையாட்டுப் பைத்தியம். தன் பட்டறைக்காரர்கள் எல்லாப் போட்டியிலும் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, நன்றாக ஓடுகிறவனையும் குதிக்கிறவனையும் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்வார். வருகிற பந்தயங்களில் ஒன்றிலாவது ஒரு மைல் ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சாமான் அறையில் வேலை தருவதாக அங்குள்ள போர்மன் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் மாத்தளைக்கு அப்பால் தோட்டத்தில் இருந்த அவருடைய அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறையாக ஒரு காம்பரா, அதில் ஏற்கெனவே இருக்கிற ஒரு குடும்பம், ஒரே அடுப்பு. அண்ணன் பெண்சாதிக்கும் எனக்கும் என் கல்யாணத்தன்றே ஒத்துப்போகவில்லை. எனக்குப் போக விருப்பமில்லை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மகள் பிறந்தவுடன் எனக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மருத்துவச்சி அம்மா வரத் தொடங்கினார். கனத்த கை, அதைவிடக் கனத்த வாய். பிள்ளை பெற்ற உடம்பைப் பச்சை உடம்பு என்போம். நாற்பது நாள் கழியும்வரை அதற்குத் தனிப் பக்குவம். முதல் சில நாட்கள் அவர் என் இடுப்புக்குக் கீழே கை வைக்கவே இல்லை. தலைக்கும் தோளுக்கும் மட்டும் எண்ணெய் தொட்டு வைத்தார். பிறகு மெல்ல மெல்லக் காலுக்கு இறங்கினார், கடைசியாக இடுப்புக்கு வந்தார். நொச்சியும் ஆடாதோடையும் போட்டுக் கொதித்த தண்ணீரை ஊற்றித் துடைத்து, சுக்கும் மிளகும் சேர்த்துக் காயச்சரக்கு அரைத்த உருண்டையை வாயில் திணித்து, கம்பளியைச் சுற்றிப் படுக்க வைப்பார். நான் செத்த மாதிரி தூங்குவேன்.

எனக்கு ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் சோறு இறங்காது. ஏன் முதலில் இடுப்பைத் தொடவில்லை, ஏன் காலைக் கீழிருந்து மேலேயே தேய்க்கிறீர்கள், மேலிருந்து கீழே தேய்த்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"பச்ச ஒடம்புக்காரி வாயத் தொறக்கக் கூடாது தாயி, காத்து உள்ள போயிரும்" என்பார்.

"காத்து போகட்டும். காரணத்தச் சொல்லுங்க."

"காரணமெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கம்மா இப்படித்தான் தேச்சா. நீ பேசாம காலை நீட்டு."

பாயால் மறைத்த தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரத்து மைதானத்தில் ஒரு சின்னப் பந்தயம் இருந்தது. பார்க்க வருவதாகப் போர்மன் சொல்லியிருந்தார். பந்தயத்தன்று காலை, எனக்கும் பிள்ளைக்கும் ஊற்றி முடித்த பிறகு கொதிக்க வைத்த கிடாரத்தில் தண்ணீர் மிச்சம் இருந்தது. இவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏன் ஆத்தா, இந்தப் பக்குவம் ஆம்பளைக்கும் ஆகுமா?"

"ஒடம்புன்னா எல்லாம் ஒடம்புதான். ஒக்காரு."

தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். ஒவ்வொரு சதையாகப் பிசைந்து எடுத்தார் அந்த அம்மா. மிச்ச இலைத்தண்ணீர் முழுவதும் அவர் முதுகில் போனது. துடைத்து, என் கம்பளியை எடுத்துப் போர்த்தி, என்னுடைய காயச்சரக்கு உருண்டையிலும் ஒன்றை அவர் வாயில் போட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு அதை மென்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, சிரித்தால் வயிறு இழுத்துப் பிடித்தது. ஆனால் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். பிள்ளை பெற்றவளையே எழுப்பி நடக்க வைக்கிற பக்குவம் ஓடுகிறவனைப் பறக்க வைக்காதா என்று எல்லோரும் நினைத்தோம். முகமெல்லாம் மினுமினுக்க அவர் பஸ் ஏறினார்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது அவருடைய கூட்டாளியும் கூடவே வந்தார். அக்குறணைக்காரர், முஸ்லிம், கட்டுகஸ்தோட்டையில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார், பின்னேரங்களில் பந்து விளையாடுவார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்று வாசலில் நின்றே கேட்டார்.

"தங்கச்சி, மச்சானுக்கு காலைல என்ன குடுத்தீங்க? அவர் ஓடல்ல, தொட்டில்ல ஆடினார்."

"ஏன், என்னாச்சு?"

"எல்லாரும் தாண்டிப் போற. இவர் ஆத்தப் பாத்துக்கிட்டு வார. கொட்டாவி விட்டத நான் கண்ணால கண்ட."

என் வீட்டுக்காரர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "காலு ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல புள்ள. வா வான்னு கூப்புடுறேன், அது வரமாட்டேங்குது" என்றார். கடைசிக்கு முந்தின ஆளாக வந்திருக்கிறார். இனி இருப்பது போகம்பறை மைதானத்துப் பந்தயம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போர்மன் போய்விட்டாராம். அன்றே அண்ணனிடமிருந்து ஆள் வந்து, காம்பராவில் ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னான். எனக்கு அந்த மூலை கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார் மருத்துவச்சி. அவள் கத்தி முடித்து, துடைத்து மடியில் போட்டவுடனே கையைக் காலைத் தொங்கப்போட்டுத் தூங்கிப்போனாள். அடுத்து எனக்கு ஊற்றினார். எனக்கும் கண்ணைச் சொருகியது. அந்த அரைத்தூக்கத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்தப் பக்குவமே உடம்பைத் தூங்க வைக்கிற பக்குவம். பாடுபட்டு முடித்த உடம்பை அவிழ்த்து விடுகிற வேலை. பாடுபடப் போகிற உடம்பை அவிழ்த்து விட்டால் அது எப்படி ஓடும்? தூக்கம் போய்விட்டது எனக்கு. எழுந்து உட்கார்ந்ததற்கு அந்த அம்மாவிடம் வசை வாங்கினேன்.

நினைப்பது மட்டும் எனக்குப் போதாது, பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் பீலிக்கு இறங்க கல்படிகள் உண்டு. மலையிலிருந்து வரும் தண்ணீர் அங்கே மூங்கில் குழாய் வழியாகக் கொட்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் வலது காலை மட்டும் எண்ணெய் தொட்டு நிதானமாக நெடுநேரம் தேய்த்துவிட்டு அந்தப் படியில் ஏறினேன். வலது கால் சோம்பலாக வந்தது, இடது கால்தான் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறியது. இன்னொரு நாள் எண்ணெய் இல்லாமல், வெறும் கையால், கொஞ்ச நேரம் மட்டும் விறுவிறுவென்று தேய்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினேன். இந்தமுறை வலது கால் முந்திக்கொண்டது. பச்சை உடம்புக்காரி படியேறுகிறாள் என்று பக்கத்து வீட்டில் யாராவது பார்த்திருந்தால் கோயில்வரை செய்தி போயிருக்கும்.

அக்குறணைக்காரர் அடுத்த தடவை வந்தபோது அவரிடமும் விசாரித்தேன். "பந்து வெளையாட முந்தி நீங்கெல்லாம் எண்ணெ தேய்ப்பீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி. முந்தி சும்மா ரெண்டு தட்டு, ஒரு சின்ன ஓட்டம், அவ்வளவுதான். வெளையாடி முடிஞ்சி, வேர்வ அடங்கி, ஆறின பொறகுதான் எண்ணெ."

"அப்ப இத அன்னைக்கே இவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என்னட்ட யாரு கேட்ட? நான் மச்சானுக்கு கல்யாண எண்ணெ வெச்சாங்களோன்னு நெனச்ச" என்று சொல்லி அவர் சிரித்தார். போகும்போது கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சைத்தூன் எண்ணெய், அதாவது ஒலிவ எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பின்னேரம் ஓடி வந்து ஆறிய பிறகு என் வீட்டுக்காரருடைய காலுக்கு அந்த எண்ணெயைத் தொட்டு நானே தேய்க்கத் தொடங்கினேன். காலையில் எழுந்தால் கால் கட்டிப்போன மாதிரி இருக்கும் என்று முன்பெல்லாம் முனகுவார். இப்போது முனகல் குறைந்தது.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் யானை குறுக்கே வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் குளித்துவிட்டு ரோட்டுக்கு ஏறிய யானை. பாகன் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இவர் ஓடிய வேகத்தில் நிற்க முடியாமல் ரோட்டோரத்துச் சாக்கடைக் கானைத் தாண்டிப் பாய்ந்தார். பாய்ந்த இடத்திலேயே கெண்டைக்கால் சுரீரென்று பிடித்து இழுத்திருக்கிறது. அக்குறணைக்காரர்தான் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தார். பார்த்தேன். கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. தோல் ஓரிடத்தில் நீலம் பாய்ந்திருந்தது.

மருத்துவச்சி அம்மா அப்போது வீட்டில் இருந்தார். பார்த்தவுடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சுளுக்குத்தான். சூடா எண்ணெ கொண்டா. நான் ஏறிப் பிடிச்சு நல்லா அமுத்தி நீவி விட்டேன்னா நாளைக்கே ஓடுவான்."

நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன். ஆனால் கை நீளவில்லை.

"ஆத்தா, எனக்குப் புள்ள பொறந்தப்ப மொத நாளே இடுப்பத் தேய்க்கலியே, ஏன்?"

"புண்ணு பச்சையா இருக்கையில யாராச்சும் தேய்ப்பாங்களா? ஆற வேணாமா?"

"இதுவும் சுடுதே. நீலமா இருக்கே. இதுவும் உள்ளுக்குள்ள கிழிஞ்ச பச்சப் புண்ணுதானே?"

"அது பிரசவம். இது சுளுக்கு."

"ஒடம்புன்னா எல்லாம் ஒடம்புதான்னு நீங்கதானே சொன்னீங்க."

என் வாய் அப்போது கொஞ்சம் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. அந்த அம்மாவுடைய முகம் சிவந்துபோனது. அந்தக் கையால் எத்தனை வீட்டில் பிள்ளை எடுத்திருக்கிறார், ஊரே அவர் கையைக் கும்பிடுகிறது, நேற்றுப் பிள்ளை பெற்றவள் கேள்வி கேட்கிறாள். "என் கைக்குக் குத்தம் சொன்ன வீட்டுல இனி எனக்கு வேலையில்ல. நீயே வைத்தியம் பாத்துக்க, நீயே தண்ணி ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்பது முடிய இன்னும் பாதி கிடந்தது. என் இடுப்பு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறத் தொடங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ சொல்றது சரியா இருக்குமா புள்ள?"

"தெரியாது" என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் சொன்னது பிசகாக இருந்தால் கால் போகும், வேலை போகும், லயத்து மூலைக்குப் போக வேண்டும். அதையெல்லாம் இழுத்து வைத்தவள் என்ற பேரும் எனக்கு வரும். அண்ணன் பெண்சாதி அதைச் சாகிறவரை சொல்லிக் காட்டுவாள்.

பீலித் தண்ணீர் எந்த வெயிலிலும் சில்லென்றிருக்கும். துணியை அதில் நனைத்துக் காலில் சுற்றி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தேன். துணி சூடேற ஏற மாற்றினேன். காலையிலும் மாலையிலும் கெண்டைக்காலின்மேல் ஒற்றை விரலை மெதுவாக வைத்து, "வலிக்குதா?" என்று கேட்பேன். கால் வெடுக்கென்று பின்வாங்கும். இன்னும் நேரமாகவில்லை என்று எண்ணெய்ப் போத்தலைத் திரும்ப அலுமாரியில் வைப்பேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "என்ன, ஒண்ணுமே தேய்க்கலியா?" என்றார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அந்த வீட்டில் நான் செய்த கஷ்டமான வேலை. அவருக்கோ பொறுமையில்லை. "ஒரு தடவ மெதுவா நீவிப் பாரு புள்ள" என்று கெஞ்சுவார், பிறகு கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார்.

ஒருநாள் காலையில் விரலை வைத்தேன். சூடு இல்லை. நீலம் மஞ்சளாகியிருந்தது. "வலிக்குதா?" என்றேன். "இல்ல, சும்மா இறுக்கமா இருக்கு" என்றார். கால் என் விரலுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. அன்றைக்குத்தான் எண்ணெய் தொட்டேன். கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, மகளுக்குத் தேய்க்கிற கனத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டினேன். அழுத்துகிறபோதெல்லாம் அதே கேள்விதான். முதலில் நடந்தார். பிறகு மஹய்யாவச் சந்திவரை மெதுவாக ஓடினார். பிறகு பாலம்வரை போனார், யானை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து.

இத்தனை நாளும் எனக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. நானே காய்ச்சி நானே ஊற்றிக்கொண்டேன். தன் இடுப்பைத் தானே தேய்க்க முடியாது என்பதையும் அப்போது கற்றுக்கொண்டேன். குனிந்து அவர் காலைத் தேய்த்துவிட்டு நிமிரும்போது உயிர் போகும். அவர் கண்டுகொள்ளவில்லை. அவருடைய கண் முழுவதும் அவருடைய கெண்டைக்காலில்தான் இருந்தது. மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன், வெளியில் சொல்லவில்லை. பந்தயம் முடியட்டும் என்றிருந்தேன்.

போகம்பறைப் பந்தயத்தன்று நாற்பது கழிந்திருந்தது. மகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் போனேன். காலையில் வீட்டில் எண்ணெய்ப் போத்தலை நான் திறக்கவே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் அக்குறணைக்காரரை மறைவாக நிற்க வைத்து, வெறும் கையால் என் வீட்டுக்காரருடைய இரண்டு காலையும் விறுவிறுவென்று தேய்த்துத் தட்டிவிட்டேன். "இப்ப போய் மெதுவா ஓடிட்டு இருங்க, நிக்காதீங்க" என்றேன். அவர் சிரித்தார். "காயச்சரக்கு இல்லியா?" என்றார்.

ஒரு மைல் என்பது பார்க்கிறவளுக்கு எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் சுற்றுகளில் அவர் நடுவில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கம் வரும்போது நான் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கெண்டைக்காலைத்தான் பார்த்தேன். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். மூன்றாவது ஆளாக ஒரு பொலிஸ்காரர், அவருக்குப் பின்னால் இவர். "ஓடுங்க மச்சான், ஆத்தப் பாக்காதீங்க!" என்று அக்குறணைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். மகள் பயந்து அழுதாள். நானும் என்னவோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இவருடைய தோள் பொலிஸ்காரருடைய தோளைத் தாண்டியது.

போர்மன் வந்தார். கை கொடுக்கவில்லை. குனிந்து, மாடு வாங்குகிறவர் மாதிரி இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துப் பார்த்தார். "திங்கட்கிழமை வா" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் மகளை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். லயத்து மூலை கண்ணைவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து, அவர் பால் போடாத தேத்தண்ணீர் குடித்து, வேர்வை அடங்கி, ஆறும்வரை காத்திருந்தேன். இதுதான் எண்ணெய்க்கு நேரம். சைத்தூன் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, "காலை நீட்டுங்க" என்று சொல்லி உட்காரப் போனேன். உட்காரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் பார்த்தார். அன்றைக்குத்தான் பார்த்தார். எழுந்து வந்து போத்தலை என் கையிலிருந்து வாங்கினார்.

"நான் ஓடி முடிச்சது இப்பத்தான். நீ பெத்து முடிச்சு எவ்வளவு நாளாச்சு? அதுக்கப்புறம் ஒனக்கு யாரு தேச்சா?"

என்னைப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். அவருடைய கை சொரசொரப்பான கை, அதற்கு இந்த வேலை தெரியாது. கீழிருந்து மேலேதானே என்று கேட்டுவிட்டு மெதுவாக ஒரு தடவை தேய்த்தார். பிறகு இடுப்பில் ஒற்றை விரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

எத்தனையோ நாள் காலையும் மாலையும் நான் கேட்ட கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "ஆமா" என்றேன். "ரொம்ப நாளா."